முந்திப் போன துண்டு

உயிரோடிருக்கும்போதே தன் கபுறுக்குழிக்குத் தானே போய் சலாம் சொன்ன ஒரே ஒரு மனிதரைத்தான் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஊர் முழுக்கப் பகல் சாப்பாட்டுக்கு வீட்டை நோக்கி நடக்கும்போது, அவர் மட்டும் சாரனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போவார். மையவாடி மதிலோரம், ஒரு தாழைப் பற்றைக்குப் பக்கத்தில், முழங்கை நீளத்துக்கு ஒரு மண்மேடு. தெரியாதவர்கள் கைக்குழந்தையை அடக்கிய இடம் என்று நினைப்பார்கள். அதனருகே நின்று சலாம் சொல்லி, சுகம் விசாரித்து, ஊர்ப் புதினம் ஏதும் இருந்தால் அதையும் சொல்லிவிட்டுத் திரும்புவார். உள்ளே கிடந்தது அவருடைய பெருங்குடலின் ஒரு துண்டு.

எங்கள் வேலிக்கு அடுத்த வளவு அவருடையது. கல்முனைக்குடியில் எல்லாருக்கும் அவர் வட்டவிதானையார்; எனக்கு விதானை மாமா. வட்டவிதானை என்றால் ஒரு வயல்வெளிக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பாளர். எந்தக் கதவை எப்போது திறப்பது, எதைப் பூட்டி வைப்பது என்பதெல்லாம் அவர் கையில். மெலிந்த, நெடிய மனிதர். சிரிக்காதவர் என்று சொல்லமாட்டேன். சிரிப்பார், ஆனால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது.

நான் அப்போது ஆஸ்பத்திரி லெப்பில் வேலை. இரத்தமும் சளியும் மலமும் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவளுக்கு அருவருப்பு ஏது? அது முதல் மாதத்திலேயே என்னை விட்டுப் போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை. அதை எனக்கு வளர்த்துவிட்டவர் இவர்தான்.

வெட்டிய நகத்தையும் முடியையும் புதைப்பது எங்கள் ஆட்களில் பலரும் செய்கிறதுதான். ஆனால் இவர் செய்ததைப்போல் யாரும் செய்யவில்லை. தலைமுடி வெட்ட ஒஸ்தாவின் கடைக்கு லேஞ்சியோடு போவார். கீழே விழுந்த முடியைத் தானே குனிந்து கூட்டி, லேஞ்சியில் முடிந்துகொண்டு வந்து, கிணற்றடித் தென்னையின் கீழ் புதைப்பார்.

"விதானையார், அதில அடுத்தவன்ட முடியும் கலந்திரிக்கும்" என்று ஒஸ்தா சீண்டினாராம்.

"கலந்திரிந்தா அவன் மஹ்ஷர்ல என்னத் தேடி வரட்டும். எடுத்துக் குடுக்கன்."

செத்தவரெல்லாம் எழும்பி வந்து நிற்கும் மறுமைத் திடலில், தன்னுடைய எதையும் தேடித் திரியக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. ஒருமுறை ஆஸ்பத்திரியில் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். பல்லை வாளியில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும், அந்த வாளியைக் கவிழ்த்துத் தேடி எடுத்த பிறகுதான் வீடு திரும்பினார். போகிற வழியில் லெப்புக்கு வந்து உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினார்.

"இது நான்தான் புள்ள. நேத்து வரைக்கும் இறைச்சி கடிச்ச நான்."

அந்தக் கிணற்றடித் தென்னையில் குலை குலையாய்க் காய்க்கும். எங்கள் உம்மா அந்தத் தேங்காயைக் கையால் தொடமாட்டா. "உடைச்சா உள்ளுக்குப் பல்லு இரிக்கும்" என்பா. விதானை மாமாவின் பெண்சாதி, நான் மாமி என்று கூப்பிடுகிறவ, இதற்கெல்லாம் வாய்விட்டுச் சிரிப்பா. "இந்த மனிசன் மௌத்தானா மையவாடிக்குத் தூக்கிப் போறத்துக்கு ஒண்டும் மிஞ்சாது. அரவாசிய முந்தியே அனுப்பிட்டார்" என்பா. பருமனான, வெற்றிலை மணக்கிற பெண். அவவின் சிரிப்பு வேலி தாண்டி எங்கள் அடுப்படி வரை வரும்.

அவருடைய வாப்பாவும், காக்கா என்று கூப்பிட்ட மூத்த அண்ணனும் வயிற்று நோயால் போனவர்கள். என்ன நோய் என்று அந்த நாளில் யாரும் பெயர் வைக்கவில்லை. மெலிந்து, வெளிறி, இரத்தமாய்ப் போய் முடிந்தார்கள். இவருக்கும் அதே வெளிறல் வந்தபோது மாமிதான் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தா. உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, ஒரு நுள்ளுக் கிள்ளிச் சோதித்தார்கள். குடலில் புற்று. சேர்ஜன் தாமதிக்காமல் வெட்டி எடுத்தார்.

வெட்டிய துண்டைப் பெரிய பிளாஸ்டிக் போத்தலில் போமலின் ஊற்றிப் போட்டு, மட்டக்களப்பில் உள்ள நோய்க்கூற்று லெப்புக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரரின் கையில் தருவதுதான் அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் லெப்பில் அந்த வசதி இல்லை. போத்தலை மாமி வாங்கினா. கட்டிலில் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடந்தவர் அதைக் கண்டுவிட்டார்.

எனக்கு இது தெரியாது. அவர் வீட்டுக்கு வந்து, நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம் வேலியோரம் நின்று மாமியைக் கேட்டேன்.

"ரிப்போட் வந்திட்டா மாமி?"

"என்ன ரிப்போட்?"

"மட்டக்களப்புக்குப் போத்தல் குடுத்தீங்களே, அதுட ரிப்போட்."

மாமி என்னைப் பார்க்காமல் வீட்டுக்குள் பார்த்தா. உள்ளேயிருந்து அவருடைய குரல் வந்தது.

"அடக்கிட்டம்."

போத்தலோடு, வெள்ளைப் புடவைத் துண்டில் சுற்றி, பள்ளிவாசல் மோதினாரைக் கொண்டு குழி வெட்டி மையவாடியில் அடக்கியிருக்கிறார்கள். உடம்பிலிருந்து பிரிந்த உறுப்பை மண்ணில் மரியாதையாய் வைக்க வேண்டும் என்பது எங்கள் முறை. விரல் போனால் விரலை, கால் போனால் காலை அடக்குகிற ஊரில், குடலை அடக்கியதை யாரும் புதுமையாய்ப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து அடக்கியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சேர்ஜனுக்கு வந்த கோபத்தை என் மீதுதான் காட்டினார், பக்கத்து வீட்டுக்காரி என்று. "நோயைப் புதைச்சிட்டம் எண்டு நினைக்கிறாங்க. அது எவ்வளவு தூரம் போய்ட்டு எண்டு சொல்லுற சாட்சியைப் புதைச்சிருக்கிறாங்க. இனி மருந்து ஏத்துறதா, விடுறதா? நான் எதைப் பாத்து முடிவெடுக்க?" பிறகு கொஞ்சம் தணிந்து, "போமலினுக்குள்ள கிடந்தா பழுதாகாது. தோண்டி எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். மாமா தென்னையடியில் வாங்குப் பலகையில் இருந்தார். கபுறைத் தோண்டுவதா என்று ஒரு பார்வை பார்த்தார், நான் அடுத்த வார்த்தையை விழுங்கிவிட்டேன். பிறகு அவரே கேட்டார், அது உண்மையில் என்ன சாமான் என்று.

அவருக்கு விளங்கும் என்று நினைத்து, அவருடைய தொழிலை வைத்தே சொன்னேன். உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரே எழுத்துத்தான் இருக்கிறது; கண்ணில் இருப்பதும் குடலில் இருப்பதும் ஒன்றுதான். எந்த மரபணு திறந்திருக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது என்பதில்தான் கண் கண்ணாகவும் குடல் குடலாகவும் ஆகின்றன. இரத்தக்குழாயை வளரச் சொல்லும் மரபணுக்கள், குழந்தை கருவில் உருவாகும்போது நன்றாகத் திறந்திருக்கும். வளர்ந்த பிறகு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். காயம் பட்டால் கொஞ்சம் திறந்து மூடும். கட்டி அவற்றை மறுபடி இழுத்துத் திறந்துவிடும். சுற்றியிருக்கும் நல்ல குழாய்களிலிருந்து கிளை வெடித்து அதை நோக்கி வளரும்.

"அப்ப அது கள்ள வாய்க்கால் வெட்டியிரிக்கி."

"ஓம் மாமா."

"காவல் இல்லயா உடம்பில?"

"இரிக்கி. இரத்தத்தில வெள்ளையணு எண்டு ஒண்டு, அதுதான் காவல். ஆனா கட்டி தன்ட மேல இரிக்கிற அடையாளத்தக் காட்டுற மரபணுவப் பூட்டிப்போடும். புதுக் குழாய்ட சுவரில காவல்காரன் பிடிச்சி இறங்குறத்துக்குப் பிடிமானம் இல்லாமச் செஞ்சிரும். இரத்தம் போகும், காவல் இறங்கா."

"பொறத்தியான் இல்லயா அது? வெளியால வந்த புழு, பூச்சி?"

"இல்ல மாமா. நம்மட கலம்தான். உம்மாட வயித்துக்குள்ள திறந்த கதவத்தான் அது மறுகா திறந்திரிக்கி."

நான் நினைத்தது இதைக் கேட்டால் அவருக்கு அந்தத் துண்டின் மேல் வெறுப்பு வரும் என்று. வந்தது வேறு. மெல்லச் சிரித்தார்.

"அப்ப அது நான்தானே. நான் அடக்காம ஆர் அடக்குற?"

அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமைச் சலாம் தொடங்கியது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, மண்ணுக்குள்ளும் அது குழாய் வளர்க்குமா என்று கேட்டார். போமலினில் எல்லாம் செத்துவிடும், இனி அது வெறும் தசை என்றேன். அவர் நம்பவில்லை. "மதிலோரத்துத் தாழையப் போய்ப் பாரு புள்ள. மத்த மரமெல்லாம் உப்புக் காத்துக்குக் கருகிக் கிடக்க, அது மட்டும் என்ன பச்ச" என்றார். நான் போகவில்லை. பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை என்பது நல்ல சாட்டு. ஆனால் கடற்கரை வீதியால் போகும்போது மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பச்சையாய்த்தான் இருந்தது.

சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தேன். எங்கள் உம்மா பெரியம்மா வீட்டில். மாமாவின் ஒரே மகள் ஜெஸீமா கடலுக்கு எட்டாத இறக்காமத்தில் புருசன் வீட்டாரோடு இருந்தாள்; மாமாவும் வயலுக்குப் போனவர் அங்கேதான் தங்கியிருந்தார். வீட்டில் மாமி மட்டும். இரண்டு வளவுகளும் இருந்த இடத்தில் பிறகு கிணற்றின் வாய்க்கட்டு மட்டும்தான் மிஞ்சியது. தென்னை வேரோடு போய்விட்டது. மாமியும்.

மாமியை அவர் தேடினார். பள்ளிவாசல் முற்றத்தில் கிடத்தியிருந்த ஒவ்வொரு ஜனாஸாவின் முகத்தையும் திறந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் என்னிடம் வந்து, "கையொண்டு கிடைச்சாலும் போதும், வளையல் அடையாளம் தெரியும்" என்றார். பல்லுக்காக வாளியைக் கவிழ்த்த மனிதருக்குப் பெண்சாதியின் ஒரு நகம்கூடக் கிடைக்கவில்லை.

நாங்கள் பாடசாலையில் அகதிகளாய் இருந்தோம். ஒரு பின்னேரம் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். கையில் ஏதோ வேர்க்கொத்து, சேறும் மணலுமாய். கடல் மையவாடி மதிலை உடைத்து, பாதி மண்ணை வாரிக்கொண்டு போயிருந்தது. தாழை புரண்டு கிடந்ததாம். அதன் வேர்கள் பின்னிப் பிடித்தபடி, மூடி திறக்காமல், போத்தல். வேரை அறுக்காமல் அப்படியே கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் வேர் விலகிய இடத்தில் உள்ளே மங்கலாய் அது மிதந்தது.

"மாமியத் தேடிப் போனன் புள்ள" என்றார். "நான்தான் கிடைச்சன்."

அந்த அறையில் இருந்த பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். அவர் வாங்கில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே இருந்தார். மீண்டும் அடக்கப் போவதாகச் சொன்னார். மாமிக்கு வெட்டியிருக்க வேண்டிய குழியில், மாமியின் இடத்தில். வெறுங்குழியாய் ஒரு பெண்ணின் பேர் கிடக்கக் கூடாது என்றார்.

எனக்குப் பயத்தை மீறி ஆத்திரம் வந்தது. "மாமா, ஜெஸீமா இரிக்காள். உங்கட வாப்பா போனார், காக்கா போனார், உங்களுக்கும் வந்திட்டு. அவளுக்குள்ளயும் அந்தக் கதவு பழுதா எண்டு சொல்லுறத்துக்கு இந்த ஊரில இரிக்கிற ஒரே சாட்சி உங்கட மடியில கிடக்கு. அத மறுகா மண்ணுக்குக் குடுக்கப் போறீங்களா?"

அவர் போத்தலைப் பார்த்தார். பிறகு, வெளியே குழாயடியில் வாளியோடு நின்ற மகளைப் பார்த்தார். தாய் போன செய்தி கேட்டு வந்தவள், தகப்பனை விட்டுப் போக மனமில்லாமல் எங்களோடேயே இருந்தாள்.

"அவளுக்குள்ளயும் இரிக்குமா?"

"தெரியா. தெரிஞ்சிக்கலாம்."

ஒரு நிபந்தனையோடு தந்தார். பார்த்து முடிந்ததும் எல்லாம் திரும்பி வர வேண்டும்.

மட்டக்களப்பு லெப்பில் இருந்த டொக்டர் ஒரு தமிழ்ப் பெண், என்னைவிடச் சில வயது மூத்தவர். போமலின் மஞ்சளித்துப் போயிருந்தாலும் தசை கெடவில்லை. அதை மெழுகில் பதித்து, மெல்லியதாய்ச் சீவி, சாயமேற்றி, இரண்டு பேர் ஒன்றாய்ப் பார்க்கும் நுணுக்குக்காட்டியில் என்னையும் பார்க்கச் சொன்னார். கட்டியின் ஓரமெங்கும் கோணல்மாணலாய்ப் புதுக் குழாய்கள். தாழை வேர் பிடித்த போத்தலை நான் முதலில் பார்த்திருக்காவிட்டால் அது எனக்கு வெறும் சாயம் படிந்த கோடுகளாய்த்தான் தெரிந்திருக்கும்.

"உள்ளுக்க பாருங்க" என்றார் டொக்டர். கரும்புள்ளிகள், கட்டிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு. "வெள்ளையணு. காவல் இறங்கிட்டு. நிணக்கணுவில ஒண்டுமில்ல. இந்த மனிசன் தப்புவார்."

நான் சந்தோசத்தில் அவர் கையைப் பிடித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுத்துப்பிழை திருத்துகிற ஒரு மரபணு இந்தக் கட்டியில் வேலை செய்யாமல் இருக்கலாம் என்றார். அது வேலை செய்யாவிட்டால் பிழைகள் குவியும். பிழை குவிந்து கட்டியின் முகம் அந்நியமாகிப் போகும். அதனால்தான் காவல் இனங்கண்டு உள்ளே வந்தது. கொழும்புக்கு ஒரு சீவல் அனுப்பிப் பார்த்ததில் அவர் சொன்னது சரியாய்த்தான் இருந்தது. ஆனால் அந்த மரபணு வயதோடு பூட்டப்பட்டுப் போனதா, பிறப்பிலேயே உடைந்து வந்ததா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. பூட்டுப்பட்டதென்றால் அது இவரோடு முடிந்தது. உடைந்ததென்றால் பிள்ளைக்கும் போயிருக்கலாம்.

"தகப்பன், தமையன் எல்லாம் போயிருக்கிறாங்க எண்டு சொல்லுறீங்க. மகளைக் குழாய் விட்டுப் பாருங்க. இவரைக் காப்பாத்தினது எதுவோ, அதுதான் அந்தப் பிள்ளைக்கும் போயிருக்கும் எண்டு எனக்குப் பயமா இருக்கு."

மாமாவிடம் மறைக்காமல் சொன்னேன். தான் தப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் குடுத்ததா?" என்றுதான் கேட்டார்.

மீதித் தசை திரும்பி வந்தது, அடக்கினார். ஆனால் மெழுகில் பதித்த துண்டுகளை லெப் தராது. அதை அறிந்ததும் மட்டக்களப்புக்கே போய் டொக்டரிடம் சண்டை பிடித்தார். டொக்டர் அலுமாரியைத் திறந்து, அந்தச் சின்ன மெழுகுக் கட்டிகளைக் காட்டி, இங்கே பத்திரமாய் இருக்கும் ஐயா என்றாராம். அதன் பிறகு அந்தப் பக்கம் போக நேர்ந்தால் லெப்புக்குப் போய் அலுமாரிக்குச் சலாம் சொல்லிவிட்டு வருவார். அங்குள்ள பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர் வந்து போன பின் அந்த அலுமாரியைத் திறக்கத் தயங்கினார்கள் என்று டொக்டரே எனக்குச் சொன்னார்.

மகளை அவர் பார்க்கும் பார்வை மாறியது அப்போதுதான். கடலில் வீடு போனவர்களுக்குப் புதிதாய்க் கட்டிக் கொடுத்த சின்ன வீட்டில் அவள் புருசனோடும் தகப்பனோடும் இருந்தாள். சோறு தின்னும்போது பார்ப்பார். உடுப்புக் கழுவும்போது பார்ப்பார். கண்ணின் கீழிமையை இழுத்துச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்.

"ராத்தா, வாப்பா என்னையே பாத்துட்டு இரிக்கார்" என்று என்னிடம் அழுதாள். "என்னப் பாக்கல்ல. எனக்குள்ள ஆரோ இரிக்கிற மாதிரிப் பாக்கார்."

"குழாய் விட்டுப் பாத்திட்டா அவரும் விட்டிருவார்."

"இரிக்கி எண்டு சொல்லிட்டா?"

சண்டையால் பாதை மூடுவதும் திறப்பதுமாய் இருந்த காலம். ஒரு பிள்ளை பெற்றாள். பயந்து பயந்து சோதனையைத் தள்ளிப் போட்டாள். வடக்கில் சண்டை முடிகிற கட்டத்துக்கு வந்திருந்த நாட்களில், அவளுக்கு மலத்தோடு இரத்தம் போனது. அதைத் தகப்பனிடம் மறைக்க முடியவில்லை. அவர்தான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

குடலுக்குள் காம்போடு ஒரு சின்ன வளர்ச்சி இருந்தது. சேர்ஜன் அதைக் காம்போடு கொய்து எடுத்து, சின்னப் போத்தலில் போட்டார். நான் கையை நீட்டினேன். மாமா எனக்கு முந்திக்கொண்டார். மையவாடிக்குத்தான் என்று நினைத்தேன். அவர் கேட்டதோ மட்டக்களப்பு பஸ் எத்தனை மணிக்கு என்று.

தனியாய் அனுப்ப மனமில்லாமல் நானும் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, போத்தலை இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். பஸ் பாண்டிருப்பைத் தாண்டியதும் அதோடு கதைக்கத் தொடங்கினார்.

"இது மருதமுனை, மகள். நெய்த சாரன் தொங்குது பாரு." கொஞ்சம் கழித்து, "பெரியநீலாவணை. வெயில் இந்தப் பக்கம் அடிக்கிது, திரும்பிக்க." போத்தலைத் தானே திருப்பினார். முன் இருக்கைப் பெண் எழுந்து வேறு இடம் பார்த்தாள். எனக்கும் எழும்பிப் போகத்தான் இருந்தது. அவருடைய குரலில் அத்தனை வாஞ்சை. ஜெஸீமா வீட்டில் பிள்ளையோடு படுத்திருந்தாள். ஆனால் அந்த இருக்கையில் மூன்று பேர் இருந்தோம் என்றுதான் எனக்குப் பட்டது.

சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பைகளை மேசையில் கொட்டச் சொன்னார்கள். இளம் சிப்பாய் ஒருவன் போத்தலைக் காட்டி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். மாமாவுக்கு நீர்ப்பாசனக் கந்தோர் ஐயாமாரோடு பழகிய சிங்களம் உண்டு.

"மகே துவ" என்றார். என்னுடைய மகள்.

சிப்பாய் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். உள்ளே இளஞ்சிவப்பாய் ஒரு மொட்டு மெல்லச் சுழன்றது. அவன் முகம் வெளுத்தது. நான் பதறிப்போய், ஆஸ்பத்திரிச் சாமான், நோய் பார்க்கக் கொண்டுபோகிறோம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். நான் சொன்னது அவன் காதில் விழுந்ததாய்த் தெரியவில்லை. போத்தலை இரண்டு கையாலும் ஏந்தி அவரிடம் திருப்பிக் கொடுத்தான். எங்கள் பைகளை அவன் திறக்கவே இல்லை.

டொக்டரிடம் கொடுக்கும்போது, இது முழுசாய் உங்களுக்கு என்றார் மாமா. திரும்பக் கேட்கமாட்டேன் என்றார். டொக்டர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

யுத்தம் முடிந்தது என்று தெருவில் பட்டாசு கொளுத்திய கிழமையில்தான் ரிப்போட் வந்தது. அன்று டொக்டரே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். பட்டாசுச் சத்தத்தில் சரியாய்க் கேட்காமல், காதைப் பொத்திக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். தமிழ்ப் பக்கத்தில் கதவுகள் சாத்திக் கிடந்தன. டொக்டருடைய குரலும் அன்று அடைத்துத்தான் இருந்தது. ஆனாலும் நின்று நிதானமாய் எனக்கு எல்லாம் சொன்னார். அது புற்றாகிப் போகக்கூடிய வளர்ச்சிதான், இன்னும் ஆகவில்லை. புதுக் குழாய் எதையும் கூப்பிடவில்லை. காம்பு சுத்தம். வருசத்துக்கு வருசம் பார்த்துக்கொண்டால் அந்தப் பிள்ளை கிழவியாகும்.

ஓடினேன். மாமா முற்றத்தில் நின்றார். ஜெஸீமா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். மாமாவுக்கு நான் ஒவ்வொரு சொல்லாய்ச் சொன்னேன். கேட்டு முடித்தவர், மகளின் தலையில் கையை வைத்தார். நோயைத் தேடாமல் அவர் அவளைத் தொட்டதை நான் பார்த்து வெகுகாலம். அந்தப் பழைய பார்வை இல்லை. வெறும் தகப்பனாய்ப் பார்த்தார்.

பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார், யாரையோ கூப்பிடப் போகிறவர்போல்.

"மாமிக்குச் சொல்லணுமே புள்ள" என்றார். "எங்க போய்ச் சொல்லுற?"

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார். விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் பின்னாலேயே போனேன். மையவாடியைக் கடந்தார், உள்ளே பார்க்கவும் இல்லை. அலை வந்து காலை நனைக்கிற இடத்தில் நின்று, இடமிருந்து வலம் வரை கடல் முழுவதையும் ஒருமுறை பார்த்தார். எந்த இடத்தைப் பார்த்துக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

கடைசியில் பொதுவாய்க் கடலைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"இஞ்ச கேளு! மகளுக்கு ஒண்டுமில்லயாம்! ஒண்டுமில்லயாம்!"

கரைவலை இழுத்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். அவர் இரண்டு கையையும் காதோரம் குவித்துக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்கிற குரலில், "ஓம், பேரப்புள்ளயும் சுகம்தான்" என்றார்.

நான் திரும்பி நடந்தேன். அவர்கள் கதைத்து முடிக்க நேரமெடுக்கும்போல் இருந்தது.